வலதுபக்க நிலைக்கால்

டிசம்பர் 3

இன்றுதான் கல்லுமேட்டுக்கு வண்டி போக வழி விட்டார்கள். புயலில் விழுந்த மரங்களை அறுத்து ரோட்டோரம் அடுக்கியிருக்கிறார்கள். சென்னை டிரஸ்ட்டிலிருந்து பிரசாந்தினி மேடம் விடிந்ததுமே போன். “நிவாரண நிதிக்கு ஒரு முகம் வேணும் சார். ஒரே முகம். போன்ல தள்ளிக்கிட்டே போறவங்க விரல் அங்க நிக்கணும்.” முதுநகரில் இத்தனை ஸ்டூடியோ இருக்க, என்னைக் கூப்பிட்டார் என்றால் காரணம் இருக்கிறது. அதை நானே எழுதினால் தற்பெருமை. எழுதியாயிற்று, போகட்டும்.

கல்லுமேட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். கரையோர வரிசையில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. புயலில் இறந்தவர் ஒருவர்தான். படகை இழுத்துக் கட்டப் போனவர்மேல் தென்னை சாய்ந்துவிட்டது. அவர் மனைவி பொன்னியைத்தான் முதலில் எடுத்தேன். பிரயோஜனமில்லை. அந்தம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துக்கொண்டு, “சக்கரை போதுமா தம்பி” என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நெற்றியில் சாந்துப்பொட்டு வேறு. இந்த முகத்தைப் பார்த்து யார் பணம் அனுப்புவார்கள்?

திரும்பும்போதுதான் படம் கிடைத்தது. கூரை போய்ச் சுவர் பாதி இடிந்த ஒரு வீடு. வாசல் நிலை மட்டும் விழாமல் நிற்கிறது. அதில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். அப்போதுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஈரக் கூந்தல், வெறும் நெற்றி, கழுத்தை மூடிப் போர்த்திய துண்டு. கடல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்படியே நில்லும்மா” என்றேன். ஏதோ சொன்னார். காற்றில் சரியாகக் கேட்கவில்லை. எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டதும் எனக்கே மெய் சிலிர்த்தது. காலமெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் எடுத்த கை என்று எவனும் சொல்லமாட்டான். வலதுபக்கம் நிலைக்கால் துருத்திக்கொண்டிருந்தது. வெட்டிவிட்டேன். எதை விடவேண்டும் என்று தெரிந்தவன்தான் போட்டோகிராபர்.

டிசம்பர் 4

படத்தைப் பார்த்துவிட்டு மேடம் உடனே போன் செய்தார். எடுத்த எடுப்பில் கேட்டார், “புருஷனைப் பறிகொடுத்தவங்களா சார்?”

“முகத்தைப் பாருங்க மேடம்” என்றேன்.

“ஆமா சார். பார்த்தாலே தெரியுது.”

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

டிசம்பர் 5

குளியலறையில் வெளிச்சம் போதவில்லை. ஒரு சின்னக் கண்ணாடி வாங்கிக் கொல்லைப்புறத்தில் மாட்டி அங்கே சவரம் செய்தேன். “இத்தனை வருஷமா போதுன வெளிச்சம் இன்னிக்கி என்னாச்சாம்?” என்று கேட்டாள் மங்கை. கட்டியவளுக்குக் கேட்க ஏதாவது வேண்டும்.

டிசம்பர் 11

படம் எங்கெங்கோ போய்விட்டது. துபாயிலிருந்து என் மச்சான் அனுப்புகிறான், அது நான் எடுத்த படம் என்று தெரியாமலே. நிதி மழையாகக் கொட்டுகிறதாம். பிரசாந்தினி மேடம் சொன்னார், இனிமேல் மூன்று கடலோர மாவட்டங்களுக்கும் அவர்களுடைய படமெல்லாம் என் பொறுப்பு. ஜனவரி இருபதாம் தேதி கல்லுமேட்டில் வீடு கட்டிக்கொடுக்கும் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். அந்த மேடையிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, காது தெரியணும்” என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போவேன் என்று ஒரு காலத்தில் பயந்திருக்கிறேன். இனி அந்தப் பயம் இல்லை.

மங்கைக்கு முழுப் படத்தைக் காட்டினேன், வெட்டுவதற்கு முன்னால் இருந்ததை. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையருகே போனாள்.

“நிலையில வரிசையா என்னாங்க அது?”

“ஆணி.”

“செவப்பா இருக்குது.”

“துரு.”

அவள் இன்னும் ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். போய் அரிசி களைந்தாள்.

டிசம்பர் 12

முனிசிபல் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைப் படம். ஒரு பயல் கேமராவைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். ஏண்டா என்றால், “நான் ரெடின்னு சொன்னப்புறம் எடுங்க சார்” என்கிறான். பிடிவாதத்தைப் பார். அவன் ரெடி என்ற பிறகுதான் எடுத்தேன். நன்றாகத்தான் வந்தது.

டிசம்பர் 24

மழை. ஸ்டூடியோ ஓட்டில் ஒழுகல். பக்கெட் வைத்திருக்கிறது.

ஜனவரி 9

கல்லுமேட்டுக்குத் திரும்பும் ரோட்டு முனையில் ஃப்ளக்ஸ் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பனைமர உயரம். என் படம் அவ்வளவு பெரிதாக நின்று நான் பார்த்ததில்லை. கீழே எழுத்து: “புயலில் கணவரை இழந்தார். நம்பிக்கையை இழக்கவில்லை.”

எழுத்தின் நிறம் சரியில்லை. மஞ்சளில் போட்டிருக்கக் கூடாது. இழந்தார் என்ற சொல்லையும் அவ்வளவு தடிப்பாகப் போட வேண்டியதில்லை. இதையெல்லாம் என்னைக் கேட்டுச் செய்திருக்கலாம்.

பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற கருவாட்டுக்கார அம்மாள் ஃப்ளக்ஸை அண்ணாந்து பார்த்தாள். “இது அஞ்சாபுலி பொண்டாட்டி சத்தியவாணியில்ல? அஞ்சாபுலி எப்ப செத்தான்?” என்று என்னிடம் கேட்டாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

வெயிலில் நின்றதில் தலைவலி. சாப்பிடாமல் படுத்தேன்.

ஜனவரி 12

காலையில் இரண்டு பாஸ்போர்ட், ஒரு ஜாதகப் படம். பத்து மணிக்கு மேல் ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நீலப் பூப்போட்ட சேலை, நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

“தெரியுதாண்ணே?”

“நிறையப் பேர் வருவாங்கம்மா” என்றேன்.

“ரோட்டு முனையில என்னை அவ்ளோ பெருசா நிக்க வெச்சுட்டுத் தெரியலன்றீங்களே.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னதை, மறக்கக் கூடாது என்று அப்படியே எழுதுகிறேன்.

“எங்க வூட்டுக்காரரு மங்களூர்ல போட்டுல வேலை செய்யறாரு. கடலுக்குப் போனா இருபது நாளு போனு கெடைக்காது. போன வாரம் கரைக்கு வந்ததும் எவனோ இந்தப் படத்தக் காட்டியிருக்கான். எனக்குப் போன் பண்ணி, ‘ஏண்டி, நான் செத்துட்டேனா’ன்னு கேக்குறாரு. அவரு சிரிச்சுக்கிட்டுதான் கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வரல. ஊர்ல இன்னா பேசுறாங்க தெரியுமா? நான் விதவைன்னு எழுதிக் குடுத்துப் பணம் வாங்கிட்டேனாம். பொன்னியக்காவுக்கு வர வேண்டியத நான் தின்னுட்டேனாம். யாரும் எங்கூட மீன் ஏலத்துக்கு வர்றதில்ல. வர்ற ஞாயித்துக்கெழம பஞ்சாயத்து வெச்சிருக்காங்க. வீடு கட்டிக் குடுக்குற லிஸ்ட்லேருந்து எம் பேர எடுக்கறதுக்கு.”

டிரஸ்ட்காரர்கள் ஏதோ தவறாக எழுதிவிட்டார்கள், நான் விசாரிக்கிறேன் என்றேன்.

“அவங்கள வுடுங்க. நீங்க எடுத்தீங்க. நான் அன்னிக்கே சொன்னேன், ‘இருங்கண்ணே, பொட்டு வெச்சுட்டு வரேன்’னு. நீங்கதான் ‘வேணாம்மா, அப்படியே நல்லா இருக்குது’ன்னீங்க. குளிக்கப் போவசொல்லப் பொட்ட எடுத்து நிலையில ஒட்டிட்டுப் போவேன். எப்பவும் அதுதான் வழக்கம், பழசெல்லாம் வரிசையா அங்கதான் இருக்கும். எங்கையெட்டுத் தூரம். படத்துல வந்திருக்குமே. அந்த முழுப் படத்த ஒண்ணு போட்டுக் குடுங்க. பஞ்சாயத்துல காட்டுறேன்.”

ஹார்ட் டிஸ்க் தகராறு செய்கிறது என்றேன். அது சில சமயம் தகராறு செய்யவும் செய்கிறது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, “சரி பண்ணிட்டுச் சொல்லுங்க” என்று தன் போன் நம்பரைச் சொன்னார். கதவருகே போனவர் திரும்பி, “நான் கடலப் பாத்துக்கிட்டு நின்னேன்னு போன்ல போட்டிருக்காங்க. எங்க சோத்துக் குண்டானக் காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு. எங்க கெடக்குதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார்.

அப்போதுதான் பார்த்தேன், மங்கை உள்கதவில் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து நீட்டினாள். சத்தியவாணி குங்குமத்தைத் தொட்டுப் பொட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு போனார். 

மதியம் ரசம், அப்பளம். ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் இலை விழுந்ததில்லை. மார்க்கெட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்றாள் மங்கை.

ஜனவரி 13

போகி. வீடு முழுக்கத் துடைத்தாள் மங்கை. குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பொட்டுகளையும் சுரண்டி எடுத்துவிடேன் என்றேன். போகிக்குப் பழசைக் கழிப்பதுதானே முறை.

“அது அங்கியே இருக்கட்டும்” என்றாள்.

ஜனவரி 14

பொங்கல். நன்றாகப் பொங்கியது. பிரசாந்தினி மேடம் வாழ்த்து அனுப்பியிருந்தார், ஒப்பந்தத் தாளையும் சேர்த்து. என் பெயரை வேதாச்சலம் என்று ச் போட்டு எழுதியிருக்கிறார்கள். திருத்தச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 16

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

கடைக்கு இன்று விடுமுறை. லைட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மங்கை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஸ்டூடியோவுக்குள் வந்தாள். நெற்றியில் இருந்த பொட்டைப் பிய்த்து லைட் ஸ்டாண்டில் ஒட்டினாள். தோளில் கிடந்த துண்டைக் கழுத்தை மூடிப் போர்த்திக்கொண்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“எடுங்க.”

“என்ன விளையாட்டு இது?”

“கல்லுமேட்டுக்காரி விளையாட்டுக்கா நின்னா? எடுங்க. அப்படியே நல்லாத்தானே இருக்குது?”

“மங்கை, பொட்டை வை.”

“ஒரு படம் எடுத்துட்டு வெச்சுக்கறேன். நெலைய வெட்டுன மாதிரி அந்த ஸ்டாண்டையும் வெட்டிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?”

கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். நானும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஃபோகஸ் கிடைக்கவில்லை.

பொய். ஃபோகஸ் கிடைத்தது. அவ்வளவு சுத்தமாக என் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அவள் கூந்தலிலிருந்து சொட்டுகிற நீர்கூடத் தெரிந்தது. விரல்தான் அழுத்தவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. என் பெண்டாட்டியை அந்தக் கோலத்தில் பார்க்க என்னால் முடியவில்லை. எங்கேயோ கடலில் கிடக்கிற ஒருத்தனைச் சாகடிக்கும்போது எனக்குக் காற்றில் காது கேட்கவில்லை. நான் சாக வேண்டும் என்றால் மட்டும் விரல் மறுக்கிறது.

காது கேட்டது. அன்றைக்குக் காற்றே இல்லை. அவர் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். பொட்டு வந்தால் படம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். நிலைக்காலில் இருந்ததும் ஆணி இல்லை.

கேமராவை இறக்கினேன். மங்கை எழுந்து ஸ்டாண்டிலிருந்து பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

“நெத்தி நடுவுல இருக்குதா?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.

ஜனவரி 17

மேடத்துக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் கணவர் உயிரோடு இருக்கிறார், ஃப்ளக்ஸை எடுக்க வேண்டும், நிதி கேட்ட இடத்தில் எல்லாம் திருத்தம் போட வேண்டும்.

“இருபதாம் தேதி டோனர்ஸ் எல்லாம் வர்றாங்க சார். அந்தம்மாவைப் பார்க்கத்தான் வர்றாங்க. ஃபங்ஷன் முடியட்டும், மெதுவா மாத்திக்கலாம்.”

“பத்தொன்பதாம் தேதி பஞ்சாயத்து மேடம். அந்தம்மாவுக்கு வீடு போயிடும்.”

“நான் உங்களைக் கேட்டேனே சார். விதவையான்னு நேராக் கேட்டேன்.”

“முகத்தைப் பாருங்கன்னு சொன்னேன்.”

“அதுக்கு என்ன சார் அர்த்தம்?”

நல்ல கேள்வி.  நான் தெரிந்தே சொன்னேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுப் படத்தோடு கல்லுமேட்டுக்குப் போகிறேன் என்றும் சொன்னேன். அப்படிப் போனால் ஒப்பந்தம் பற்றி மேலிடத்தில் தன்னால் பேச முடியாது என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் வசதியாக இருக்கும்.

மூன்று மாவட்டம். நினைத்தால் வயிறு எரிகிறது. எரியட்டும்.

ஜனவரி 18

முழுப் படத்தை இருப்பதிலேயே பெரிய தாளில் பிரிண்ட் போட்டேன். நிறம் பிசகக் கூடாது என்று இரண்டு தடவை திருத்தினேன். நிலைக்காலில் பொட்டுகள் கீழிருந்து மேலாக வரிசையாக இருக்கின்றன. பழையவை வெளிறி, புதியது நல்ல சிவப்பாக, அவர் தோளுக்குப் பக்கத்திலேயே.

ஒன்று சொல்கிறேன், அது தற்பெருமை ஆனாலும் சரி. வெட்டிய படத்தைவிட இது நல்ல படம். என் கண் அன்றைக்குச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. புத்திதான் கத்தரியை எடுத்தது.

சத்தியவாணிக்குப் போன் செய்து, “முழுப் படத்தை நானே கொண்டாந்து காட்டலாமாம்மா?” என்று கேட்டேன்.

“ஹார்ட் டிஸ்க் சரியாயிடுச்சா?” என்றார்.

சரியாகிவிட்டது என்றேன்.

“கொண்டாங்க.”

ஜனவரி 19

வலை பின்னும் கொட்டகையில் பஞ்சாயத்து. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சத்தியவாணி நடுவில் தனியாக நின்றார். மங்கை என்னோடு வந்து, யாரையும் கேட்காமல் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தலைவர் தில்லைகோவிந்தனிடம் பிரிண்டைக் கொடுத்தேன். அவர் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், அடுத்தவரிடம் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. பெண்கள் பக்கம் போனதும் பேச்சு எழுந்தது. ஒருத்தி, “இதப் பாக்கக்கூட வேணாம், அவ வூட்டு நெலய நாங்க பாக்காததா” என்றாள். அப்படியானால் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்க வாய் வந்தது. நான் கேட்கிற இடத்தில் இல்லை.

“இந்தப் பொண்ணு எதுனா எழுதிக் குடுத்துச்சா?” என்றார் தலைவர்.

“இல்லைங்க. பணமும் வாங்கல. அவங்க பேரைக்கூட நான் கேக்கல.”

“பேரே கேக்கல, புருஷன் செத்தான்னு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?”

“தெரியாதுங்க. பொட்டு வெச்சுட்டு வரேன்னாங்க, நான்தான் வேணாம்னேன். அப்புறம் அந்த நிலையையும் வெட்டினேன். தப்பு என்னுது. இவங்க மேல ஒண்ணும் இல்ல.”

 வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் குரல் நடுங்கவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

பெண்கள் பக்கமிருந்து பொன்னி எழுந்தார். அன்றைக்கு இருந்த அதே சாந்துப்பொட்டு. “தம்பி, எம் படத்தயும் எடுத்தியே. எம் புருஷன்தான செத்தாரு. அத ஏன் போடல?”

“நீங்க அன்னிக்குச் சிரிச்சீங்கம்மா.”

“வந்தவங்களுக்கு டீ குடுக்கசொல்ல அழுதுகிட்டா குடுப்பாங்க?”

யாரோ சிரித்தார்கள். பொன்னி சிரிக்கவில்லை. “ராத்திரிக்கி வந்திருந்தா அழுதிருப்பேன். யாரும் வரல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

சத்தியவாணி பெயர் லிஸ்டில் அப்படியே இருக்கும், யாரும் இனிமேல் இதைப் பேசக்கூடாது என்று தலைவர் சொன்னார். அதோடு முடிந்தது என்று எல்லோரும் எழுந்தபோது சத்தியவாணி பேசினார்.

“இங்க இருக்கறவங்க பாத்துட்டீங்க. ரோட்டுல போறவன் இன்னாத்தப் பாப்பான்? இது கையளவு, அது பனை உசரம். நாளைக்கு அத்தினி கார் வரும். நான் அங்க புருஷன் இல்லாதவளாத்தான் நிப்பேன்.”

 அப்போது கொட்டகைக்கு வெளியே ஒரு குரல். “செத்தவன் வந்திருக்கேன், கொஞ்சம் வழி வுடுங்க.”

அஞ்சாபுலி. தோளில் பை, பஸ்ஸை விட்டு நேராக வருகிறார். கறுத்து நெடுத்த ஆள். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். சத்தியவாணி தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தார். இத்தனை நாளும் அழாதவர்.

“எறங்குன எடத்துலயே எனக்கு பேனர் வெச்சிருக்காங்க. எந்தத் தலைவனுக்கும் இவ்ளோ பெருசா வெக்கல” என்றார் அஞ்சாபுலி. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்கதான் என்னக் கொன்னவரா?”

“நான்தான்.”

“ஒரு வார்த்த கேட்டுட்டுக் கொன்னிருக்கலாம்.” தோளிலிருந்து பையை இறக்கினார். “போட்டுக்கு அடிச்ச செவப்புப் பெயிண்ட் யார்கிட்ட மிச்சம் இருக்குது?”

ஊரே கிளம்பியது. ஒருவர் பெயிண்ட் டப்பா, ஒருவர் தட்டைப் பிரஷ், இரண்டு பேர் ஏணி. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஃப்ளக்ஸ் முழுக்க அந்த வெளிச்சம் விழுந்து முகம் பொன்னாக இருந்தது. ஏணியைச் சாய்த்தார்கள். அஞ்சாபுலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டப்பாவை ஒரு கையில் பிடித்து ஏறினார். பனை உயர மனைவியின் நெற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றதும் கீழே பார்த்து, “நடுவுல இருக்குதான்னு பாத்துச் சொல்லுடி” என்றார். சத்தியவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் மேல” என்றார்.

தட்டு அளவுக்கு வட்டமாக இழுத்தார். பிறகு நிரப்பினார்.

என் கழுத்தில் கேமரா தொங்கியது. பழக்க தோஷம், எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போவேன். இப்படி ஒரு வெளிச்சத்தில், ஒரு மனிதன் தன் மனைவியின் நெற்றிக்கு ஏணி வைத்து ஏறிப் பொட்டு வைக்கிற படம் இன்னொரு ஜென்மத்திலும் எனக்குக் கிடைக்காது. எந்த இடத்தில் நின்று எடுக்க வேண்டும் என்றுகூடக் கண் பார்த்துவிட்டது. கை தானாகக் கேமராவுக்குப் போனது.

நிறுத்தினேன். சத்தியவாணியிடம் போனேன். “எடுக்கட்டுமாம்மா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். ஏணியின் ஒரு கால் மணலில் இறங்கி, அஞ்சாபுலி லேசாக ஆடிக்கொண்டிருந்தார்.

“ஏணியப் புடிங்கண்ணே” என்றார்.

கேமராவை மங்கையிடம் கொடுத்துவிட்டு ஏணியைப் பிடித்தேன். இரண்டு கையாலும். மேலேயிருந்து ஒரு சொட்டு என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. வேலை முடிந்து அவர் இறங்கும்வரை நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஜனவரி 21

விழா நேற்று நடந்ததாம். சிவப்புப் பொட்டோடு, கீழே எழுத்து இருந்த இடத்தில் ஊரார் அடித்த நீலப் பெயிண்டோடு, ஃப்ளக்ஸ் அப்படியே நின்றதாம். நன்கொடையாளர்களில் ஒருவர் அதைப் பற்றிக் கேட்க, சத்தியவாணியே மேடையில் ஏறி எல்லாவற்றையும் சொன்னாராம். படம் எடுத்தது சிதம்பரத்திலிருந்து வந்த வேறு ஸ்டூடியோக்காரர். அடுத்த வாரம் பொன்னியம்மாவைப் பார்க்கப் போகவேண்டும், கேமரா இல்லாமல்.

இன்று பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம். தாடையைக் கொஞ்சம் இறக்கு, காது தெரியணும்.

காலையில் குளியலறையிலேயே சவரம் செய்தேன். கண்ணாடியில் என் நெற்றி தெரிகிற இடத்தில் மங்கையின் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுக்காமல், தலையைச் சாய்த்துக்கொண்டு செய்து முடித்தேன். வெளிச்சம் போதும்.